ரோமானியப் படை நாவல்கள்: வரலாறு படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

நூல்வண்டி:
சைமன் ஸ்கேரோ எழுதும் மேக்ரோ, கேட்டோ வரிசையில் முதல் நாவலைப் படித்து முடித்தேன். கி.பி. 43இல் ரோமானியர்கள் பிரிட்டனுக்குள் நுழைந்த சமயத்துக் கதை. அரண்மனையில் புத்தகங்களோடு வளர்ந்த பையன் ஒருவனைப் படையில் தள்ளிவிடுகிறார்கள், அவனுக்கு மேலதிகாரியாக வரும் மேக்ரோவுக்கோ எழுதப் படிக்கவே வராது. இரண்டு பேரையும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் செஞ்சுரியன், ஆப்டியோ, ட்ரிப்யூன், லெகேட் என்று பதவிகள் வரிசையாக வரும்போது யாருக்கு யார் சல்யூட் அடிக்க வேண்டும் என்றே புரியவில்லை. வரலாற்றுப் புத்தகம் ஒன்றை முதலில் படிப்பதா, இல்லை இப்படியே அடுத்த நாவலுக்குப் போகலாமா? முகாம் வாழ்க்கை பற்றி எழுதியிருப்பதில் எவ்வளவு நிஜம்?

கல்மண்டபம்:
தாராளமாக அடுத்ததுக்குப் போங்கள். பதவிகளை மேலிருந்து மனப்பாடம் செய்யாமல் கூடாரத்திலிருந்து தொடங்கினால் சுலபம். எட்டுப் பேருக்கு ஒரு தோல் கூடாரம், அதைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை, தானியம் அரைக்க ஒரு கல். இப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்த 80 பேருக்குத் தலைவன் செஞ்சுரியன், அவனுக்குத் துணை ஆப்டியோ. ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், பத்து கோஹார்ட் ஒரு லீஜியன், மொத்தம் ஏறக்குறைய 5,000 பேர். லீஜியனுக்குத் தலைவர் லெகேட், செனட்டர் வகுப்பிலிருந்து வருபவர். அவருக்குக் கீழே இருக்கும் ட்ரிப்யூன்கள் ஆறு பேரும் உயர்குடியினர், பலர் சின்ன வயதுக்காரர்கள், சில வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். செஞ்சுரியனோ வாழ்நாள் முழுக்கப் படையிலேயே கிடந்தவன். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் இருக்கும் உரசலில்தான் இந்த நாவல்களின் பாதிச் சுவை இருக்கிறது, அது கற்பனையும் இல்லை.

வீரர்களை அதிகாரிகள் அடித்து நொறுக்கும் கொடுமைகளும் நிஜம். கி.பி. 14இல் டான்யூப் ஆற்றங்கரைப் பகுதியான பன்னோனியாவில் நடந்த படைக் கலகத்தில் வீரர்கள் லூசிலியஸ் என்ற செஞ்சுரியனைக் கொன்றார்கள். வீரர்கள் முதுகில் அடித்தே திராட்சைக்கொடித் தடியை உடைப்பவன், உடைந்ததும் அடுத்தது கொண்டா என்று கத்துவான், அதனால் அவனுக்குப் பட்டப்பெயரே ‘இன்னொன்று கொண்டா’ என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஆள் ஒருவன் கையில் இருந்தால் நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

மழைக்காகிதம்:
முகாம் வாழ்க்கைக்கு நீங்கள் விண்டோலாண்டா மரப்பலகைகளைப் பார்த்தே ஆக வேண்டும். வட இங்கிலாந்தில் இருந்த கோட்டை அது, ரோமானியர்களின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரைக் கட்டத் தொடங்கிய கி.பி. 122க்கு முந்தையது. 1973இல் அங்கே தோண்டியபோது மையால் எழுதிய மெல்லிய மரத்துண்டுகள் கிடைக்க ஆரம்பித்தன, காற்றுப் புகாத ஈரமண்ணில் மட்காமல் இருந்திருக்கின்றன. ஒருத்தருக்குச் சாக்ஸும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம். மாஸ்குலஸ் என்ற குதிரைப்படை அதிகாரி தளபதி செரியாலிஸுக்கு எழுதி, நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு கேட்கிறார், கூடவே ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார். செரியாலிஸின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து கிளாடியா செவெரா என்ற பெண் எழுதிய கடிதமும் இருக்கிறது, கடைசி வரிகள் அவளுடைய சொந்தக் கையெழுத்து. இதையெல்லாம் படித்த பிறகு நாவலில் ஒரு வீரன் குளிரில் முனகினால் உங்களுக்கு அவனைத் தெரிந்தமாதிரியே இருக்கும்.

ஆற்றுமேடு:
ரோஸ்மேரி சட்க்ளிஃப் எழுதிய ‘தி ஈகிள் ஆஃப் தி நைன்த்’ (1954) நாவலை அடுத்ததாக எடுங்கள். வடக்கே போய்க் காணாமல் போன ஒன்பதாம் லீஜியனின் கழுகுச் சின்னத்தை, அதில் இருந்த அதிகாரியின் மகன் தேடிப் போகிறான். அந்த லீஜியனைப் பற்றி பிரிட்டனில் கிடைத்த கடைசிக் கல்வெட்டு யார்க்கில் இருக்கிறது, 108ஆம் ஆண்டு வாக்கில் வெட்டியது. நாவல் வந்த பிறகு நெதர்லாந்தின் நைமேகனில் அதன் முத்திரை பதித்த ஓடு கிடைத்தது, ஆகவே ஸ்காட்லாந்து மலைகளில் அழிந்தது என்ற கருத்து இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. என்னைக் கேட்டால் நாவலின் மதிப்பு துளியும் குறையவில்லை. அப்பாவுக்கு என்ன ஆனது என்று தெரியாத மகனின் தவிப்பு ஒரு ஓடு கிடைத்ததால் மாறிவிடாது.

கொன்றைவனம்:
ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வகை நாவல்கள் பலவற்றில் எதிரிக்கு முகமே இருக்காது, காட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்து செத்துப்போவான். எனக்கு அது ஆகாது. பிரிட்டனில் ரோமை எதிர்த்துக் கலகம் செய்த அரசி பவுடிக்கா எதற்காகக் கிளம்பினாள்? அவளைச் சவுக்கால் அடித்து, மகள்களைச் சீரழித்தவர்கள் ரோமானியர்கள். கி.பி. 9இல் ஜெர்மனியின் டியூடோபர்க் காட்டில் மூன்று லீஜியன்களைச் சிக்கவைத்த ஜெர்மானியத் தலைவன் அர்மினியஸ் ரோமானியக் குடியுரிமை பெற்றவன், அவர்கள் படையிலேயே பணி செய்து அவர்கள் பழக்கமெல்லாம் தெரிந்தவன். லீஜியன்களுக்கு உதவியாக இருந்த துணைப்படையில் பெரும்பாலோர் ரோம் வென்று அடக்கிய இனங்களின் பிள்ளைகள்தான், 25 வருடம் உழைத்தால் குடியுரிமை. மழைக்காகிதம் சொன்ன செரியாலிஸின் ஆட்கள் ரைன் ஆற்றின் முகத்துவாரப் பகுதியைச் சேர்ந்த படாவியர்கள், அவர்களுடைய இனம் 69இல் ரோமை எதிர்த்துப் பெரிய கலகமே செய்தது. இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் ஒருவனைச் சொல்லும் நாவல்தான் எனக்கு நல்ல நாவல்.

நூல்வண்டி:
எல்லாருக்கும் நன்றி. கூடாரத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன், சட்டென்று புரிந்தது. சட்க்ளிஃப் நாவலை ஆர்டர் போட்டுவிட்டேன். கொன்றைவனம், அர்மினியஸையோ படாவியர்களையோ அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லும் நாவல் எதையாவது நீங்கள் முழுதாகப் படித்து ரசித்திருந்தால் பெயர் போடுங்கள், இதற்கு அடுத்து அதைத்தான் படிக்கப் போகிறேன்.