வெடிச்சத்தத்துக்கு மிரண்ட பூனை: பழக்கியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். தீபாவளி முடிந்து நாலு நாள் ஆகிறது. கருத்தடை செய்த இரண்டு வயதுப் பெண் பூனை இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. காதுகள் பக்கவாட்டில் மடங்கி, பகல் வெளிச்சத்திலும் கண்மணி முழு வட்டமாக விரிந்து, வாலை உடம்போடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு உட்காருகிறது. கை நீட்டினால் சீறுகிறது. அது கோபமில்லை, பயம். இழுத்து எடுத்தால் ஒளியும் இடத்தின் மீதும் நம்பிக்கை போய்விடும் என்பதால் யாரும் தொடவில்லை.

அறை முழுக்க அதற்கே விட்டாயிற்று. இருபக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே துவைக்காத பழைய புடவை. பழகிய வாசனைதான் பூனைக்குத் தைரியம். மலஜலம் கழிக்கும் மண் தட்டு ஒரு மூலையில், சாப்பாடு எதிர்மூலையில். வேகவைத்த மத்தியை வெதுவெதுப்பாக வைத்தால் நள்ளிரவில் வந்து தின்கிறது. மிஞ்சுவதை எடை போட்டுக் கணக்குப் பார்க்கிறோம்: வழக்கமாகத் தின்பது 150 கிராம், நேற்று தின்றது 60. சிறுநீர் சரியாகப் போகிறது. இரண்டு நாள் அடியோடு பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. அதற்கு முன்பே மருத்துவரிடம் போய்விடுவோம்.

கார்த்திகைக்கு மறுபடி வெடி வரும். பதிவு செய்த வெடிச்சத்தத்தை மெல்லியதாக வைத்து, கூடவே தீனி கொடுத்துப் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? இப்போதே தொடங்கலாமா, தேறிய பிறகா? தினமும் எத்தனை நிமிடம்? மதுரையில் பூனைக்கான பெரோமோன் டிஃப்யூசர் (பூனையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளைக் காற்றில் பரப்பும் கருவி) எங்கே கிடைக்கும்?

மனிதர் மாத்திரை யோசனை மட்டும் வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.