கலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதமும் அறிவியலும்: எப்படி அமைப்பது?

கேள்வி: கோத்தகிரி டீச்சர்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இசை, ஓவியம், துணிக்கலை மூன்றையும் முதன்மையாக வைத்து நடக்கும் பள்ளி. மாநிலப் பாடத்திட்டம், வகுப்புக்கு 30 பேர். கணிதத்துக்கு வாரம் 5 பீரியட், அறிவியலுக்கு 5, ஒவ்வொன்றும் 40 நிமிடம். கையில் இருப்பது ஒரு சோனோமீட்டர் (இழுத்துக் கட்டிய கம்பியின் ஒலியை ஆராயும் கருவி), ஒரு டிஜிட்டல் தராசு, நாலு வெப்பமானி.

பிள்ளைகள் படிக்கும் கலையோடு பாடத்தை இணைக்க வேண்டும். ஆனால் கணிதம் நீர்த்துப்போகக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வும் இருக்கிறது. எந்த அலகை எதோடு சேர்ப்பது, எதைச் சேர்க்காமல் விடுவது? பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிட்டால் பின்னால் எந்தப் படிப்புக்கு இடிக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: குன்னூர் கணக்கு

டீச்சர், முதலில் அளவு. ஐந்து பீரியடில் இரண்டை ஒட்டி 80 நிமிட இரட்டைப் பீரியடாகக் கேட்டு வாங்குங்கள். அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மற்றதெல்லாம் வழக்கமான வகுப்பு. காரணிப்படுத்துதலுக்கும் பல்லுறுப்புக்கோவை வகுத்தலுக்கும் ஓவியம் தேடாதீர்கள். அதற்குக் கைப்பழக்கம்தான் வேண்டும், தினமும் ஐந்து கணக்கு போட்டால் வரும்.

இணைக்கும் இடத்தில் ஒரே ஒரு சோதனை வையுங்கள்: கணக்கு தப்பினால் கலைவேலை கெட வேண்டும். கெடாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

துணிக்கலையில் இதற்கு நல்ல இடம் உண்டு. நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்னும் சால்வையில் வரைந்துகொண்டு தைப்பதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் சிவப்பும் கறுப்பும் ஏறுகின்றன. அதே முறையில் ஒரு கணக்கு: துணியின் அகலம் 400 இழை, பூ ஒன்று 14 இழை, இரண்டு பூவுக்கு நடுவே 4 இழை இடைவெளி. எத்தனை பூ வரும்? முக்கால்வாசிப் பேர் 400-ஐ 18-ஆல் வகுத்து 22 என்பார்கள். மீதி? 4 என்பார்கள். அங்கேதான் தப்பு. கடைசிப் பூவுக்குப் பிறகு இடைவெளி கிடையாது. ஆகவே 'ந' பூவுக்கு 18ந − 4 இழை. 22 பூவுக்கு 392, மீதி 8, ஓரத்துக்கு 4 வீதம் சரியாக நடுவில் உட்காரும். 4 மிச்சம் என்று ஓரத்துக்கு 2 விட்டுத் தைத்தவரின் துணியில் ஒரு பக்கம் 2 இழையும் மறுபக்கம் 6 இழையும் நிற்கும், பார்த்தாலே தெரியும். கூட்டுத்தொடர்வரிசை இதைவிடத் தெளிவாக மனதில் பதிய வழியில்லை. கட்டம் போட்ட நோட்டில் செய்து பார்த்துவிட்டு ஊசியை எடுக்கச் சொல்லுங்கள். தோடர் எம்பிராய்டரி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் பூவைப் படியெடுத்து விற்பனைக்கு வைப்பது முறையல்ல. தைக்கும் அம்மா ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டு, அவருக்கான கூலியையும் கொடுத்துவிடுங்கள். பூவைப் பிள்ளைகள் தாங்களே புதிதாக உருவாக்கட்டும்.

இசைக்கு ஆதி தாளம். சதுஸ்ர நடையில் (ஓர் அடிக்கு நாலு மாத்திரை) ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை (தாளச் சொற்களின் கோவையை) மூன்று தடவை வாசித்து, நடுவே ஒரே அளவான இரண்டு கார்வை (இடைநிறுத்தம்) விட்டு, அடுத்த சமத்துக்கு, அதாவது அடுத்த சுற்று தொடங்கும் இடத்துக்கு, சரியாக வந்து சேர வேண்டும். சொற்கட்டு 'ச', கார்வை 'க' என்றால் 3ச + 2க = 32. விடைகள் (ச, க) என்ற ஜோடிகளாக: (10, 1), (8, 4), (6, 7), (4, 10), (2, 13). 'ச' ஏன் ஒற்றைப்படை ஆகவே முடியாது என்று கேளுங்கள். 32-உம் 2க-வும் இரட்டை, ஆகவே 3ச-வும் இரட்டை. சரி, 'ததிங்கிணதோம்' ஐந்து மாத்திரை ஆயிற்றே, அதை மிருதங்கத்தில் வைக்கிறார்களே? வைக்கிறார்கள், ஆனால் சமத்தில் தொடங்குவதில்லை. கார்வை 2 என்றால் மொத்தம் 19, அதனால் 13 மாத்திரை விட்டுப் பதினாலாவதில் எடுக்க வேண்டும். மிருதங்கம் படிக்கும் பிள்ளை இதைக் கைதட்டிச் சொல்லிவிடும், எழுத்தில் எழுதுவதைத்தான் நாம் கற்றுத்தர வேண்டும்.

ஓவியப் பிள்ளைகளுக்குத் தங்க விகிதத்தைப் (ஏறக்குறைய 1.618) பற்றி அதிகம் பேசாதீர்கள். அளக்காமலே எல்லா ஓவியத்திலும் அது இருப்பதாகச் சொல்லும் பழக்கம் வந்துவிடும். அதைவிட ஏ4 தாள் நல்ல பாடம். பாதியாக மடித்தாலும் அதே விகிதம் என்றால் நீளத்தின் வர்க்கம் அகலத்தின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. 297-ஐ 210-ஆல் வகுத்தால் 1.414. ஜெராக்ஸ் கடையில் ஏ4-ஐ ஏ3 ஆக்க 141 சதவீதம் என்று அழுத்துகிறார்களே, அது இதுதான். வடிவொத்த உருவங்களை இங்கிருந்து தொடங்கலாம்.

பதில்: கொடைக்கானல் இயற்பியல்

உங்களிடம் உள்ள சோனோமீட்டர் ஒன்றே ஒலியியலுக்குப் போதும். கம்பியின் அதிரும் நீளம் 60 செ.மீ. வையுங்கள், அது ஸ. கம்பியைத் தாங்கும் கட்டையை நகர்த்தி 48-இல் அந்தர காந்தாரம், 45-இல் சுத்த மத்யமம், 40-இல் பஞ்சமம், 30-இல் மேல் ஸ. கட்டையின் வெளி ஓரத்திலிருந்து அளந்தால் எல்லாம் அரை செ.மீ. தள்ளிப்போய்ச் சுருதி சேராது. கம்பி தொடும் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும்.

அடுத்து இழுவிசை. நீளத்தை மாற்றாமல் பஞ்சமம் வர எவ்வளவு எடை என்று கேட்டால் எல்லாரும் ஒன்றரை மடங்கு என்பார்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே 1.5 × 1.5 = 2.25 மடங்கு வேண்டும். ஆய்வகத்தில் இருப்பது அரைக் கிலோ எடைகள், அதனால் 2 கிலோவில் ஸ வைத்து 4.5 கிலோவுக்குப் போங்கள், கணக்கு ஒத்துவரும். எடை மாட்டும் கொக்கித் தண்டுக்கும் எடை உண்டு, அதைக் கூட்ட மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எடை ஏற்றியதும் கம்பியை மெல்ல ஒரு தடவை இழுத்து விடுங்கள். கப்பியின் உராய்வில் கம்பி பிடித்துக்கொண்டால் சுருதி தாழ்ந்தே கேட்கும். கம்பி அறுந்தால் கண்ணில் தெறிக்கும், கண்ணாடி கட்டாயம்.

வெப்பமானி பற்றி ஒன்று. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். 300 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் கொதிநிலை குறையும், ஆகவே உங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதிக்கும். பிள்ளை 94 என்று எழுதினால் தயவுசெய்து சிவப்பு மை போடாதீர்கள். அது எழுதியதுதான் சரி. சாயத் தொட்டியிலும் அந்த 94-க்கு மேல் சூடு ஏறாது, எவ்வளவு விறகு வைத்தாலும்.

கோத்தகிரி டீச்சர்

குன்னூர் சார், கொடைக்கானல் சார், இருவருக்கும் நன்றி. 18ந − 4 கணக்கு நாளைக்கே வகுப்புக்குப் போகிறது. ஓவிய ஆசிரியர் சயனோடைப் அச்சு (மருந்து பூசிய தாளை வெயிலில் காட்டி நீலப் படம் எடுக்கும் முறை) செய்யலாம் என்கிறார். வேதியியலோடு சேருமா? எங்கள் மூட்டத்தில் வெயில் போதுமா?

பதில்: சாயப்பட்டறை

நன்றாகவே சேரும் டீச்சர். கரைசல்கள், மோல், ஒளிவினை மூன்றும் ஒரே வேலையில் வந்துவிடும்.

முதல் கரைசல்: 100 மி.லி. தண்ணீருக்கு 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை வகை. இரண்டாவது: 100 மி.லி.க்கு 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. பூசும்போது சம அளவு கலக்க வேண்டும். ஏ4-இல் பாதித் தாளுக்கு 1.5 மி.லி. என்றால் 30 பேருக்கு 45. சிந்துவதற்கும் சேர்த்து 30-உம் 30-உம் தயார் செய்தால் போதும், அதாவது 7.5 கிராமும் 3 கிராமும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். ஃபெர்ரிசயனைடின் மோலார் நிறை 329 என்று கொடுத்தால் லிட்டருக்கு சுமார் 0.3 மோல் என்று வரும், கலந்தபின் அது பாதி.

ஜன்னலை மூடி, சாதாரண பல்பு வெளிச்சத்தில் தடித்த வாட்டர்கலர் தாளில் பூசி, இருட்டில் காய விடுங்கள். மேலே இலையோ சரிகையோ வைத்துக் கண்ணாடி அழுத்தி வெயிலில் காட்டினால் ஒளி பட்ட இடத்தில் இரும்பு ஒடுக்கமடைந்து நீலம் உண்டாகும். பிறகு தண்ணீரில் மஞ்சள் போகும்வரை அலசல். நேரத்தை ஊகிக்காதீர்கள்: ஒரு துண்டுத் தாளை அட்டையால் மறைத்து 2, 4, 6, 8, 12 நிமிடம் என்று படிப்படியாகத் திறந்து, எது சரி என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். மூட்டம் இருந்தால் நேரம் பல மடங்காகும், தினம் ஒரு துண்டு வேண்டும்.

அலசும்போது நீலம் முழுக்க ஓடினால் வெயில் போதவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் நீலமானால் பூசும்போதே வெளிச்சம் பட்டிருக்கிறது, அல்லது தாள் ஈரம். மழைக்காலத்தில் தாள் ராத்திரி முழுக்கக் காய்ந்தாலும் நமத்தே இருக்கும். சோப்புத் தண்ணீர் பட்டால் நீலம் வெளுக்கும், காரம் அதற்கு ஆகாது. ஃபெர்ரிசயனைடை அமிலத்தோடு சேர்ப்பதும், சூடுபடுத்துவதும், அடுப்பருகே வைப்பதும் கூடவே கூடாது, நச்சு வாயு வரும். எடை போடுவது ஆசிரியர் கையுறையோடு.

கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் மழை பலமாக அடிக்கும். ஆகவே சோனோமீட்டரையும் தாளக் கணக்கையும் அப்போது வைத்து, சயனோடைப்பை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளுங்கள்.

பதில்: குன்னூர் கணக்கு

பிளஸ் ஒன் கேள்விக்கு: கட்டிடக்கலைக்கு, அதாவது பி.ஆர்க்குக்கு, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருந்தே ஆக வேண்டும். வணிகக் கணிதம் எடுத்துவிட்டு இயற்பியல் இல்லாமல் நின்றால் அந்த வாசல் மூடிவிடும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பட்டப்படிப்பான பி.டெஸ் எந்தப் பாடப்பிரிவுக்கும் திறந்தது. வரைவதில் கெட்டிக்காரப் பிள்ளை கட்டிடம் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும், பத்தாம் வகுப்பு முடியும் முன்பே வீட்டாரைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.

முக்கோணவியல் அலகு வரும்போது ஊட்டி அருகே உள்ள முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டுவாருங்கள். 1970-இலிருந்து இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், குறுக்குவெட்டு பரவளையம். அது நிற்கும் மலைச்சரிவின் கோணம் 11 டிகிரி சொச்சம், அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி, ஒரே அச்சில் திருப்பினாலே வானப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. கணக்கு: சரிவின் வழியே 530 மீட்டர் என்றால் வடக்கு முனை தெற்கைவிட எவ்வளவு உயரம்? சைன் 11.4 டிகிரி 0.198, ஆகவே சுமார் 105 மீட்டர்.

இந்தக் கணக்குக்கு முன் கோணத்தைக் கண்ணால் மதிப்பிடச் சொல்லுங்கள். கல்லாறு–குன்னூர் பல்சக்கர ரயில் பாதையின் சரிவு ஏறக்குறைய 12-க்கு 1, ஐந்து டிகிரிகூட இல்லை. ஓவிய நோட்டிலோ முப்பது டிகிரிக்கு வரைவார்கள். பாகைமானியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டால் சரிவுமானி தயார். காற்றில் நூல் ஆடும், சுவர் மறைவில் நின்று மூன்று தடவை படித்து நடு எண்ணை எடுக்கச் சொல்லுங்கள்.