ரோமா நோவாவில் பெண்கள் ஆட்சி: நம்பும்படி இருக்கிறதா?

ஏட்டுச்சுரை: அலிசன் மார்ட்டனின் 'ரோமா நோவா' வரிசையில் முதல் நாவலை முடித்தேன். கி.பி. 395-இல் பழைய தெய்வங்களை விட மனமில்லாத ரோமானியக் குடும்பங்கள் வடக்கே மலைக்குப் போய் ஒரு குட்டி நாடு அமைக்கின்றன. அது இன்றுவரை நிற்கிறது, ஆள்வது பெண்கள். துரத்தல், தப்பித்தல் எல்லாம் ஜோர். ஆனால் அஸ்திவாரம் ஆடுகிறது. ரோமில் பெண்ணுக்கு ஓட்டு இல்லை, பதவி இல்லை. கொர்னேலியுஸ் குலத்தில் பிறந்தால் கொர்னேலியா. தங்கை பிறந்தால் அவளும் கொர்னேலியா. தனிப்பெயர்கூட வைக்காதவர்களா நாட்டைத் தூக்கிக் கொடுப்பார்கள்?

நடுநிசி வாசகி: அது குடியரசுக் காலத்து வழக்கம். கதை தொடங்குவது நானூறு ஆண்டுகள் கழித்து. 414-இல் கிழக்கு ரோமப் பேரரசில் புல்கேரியா பதினைந்து வயதில் 'அகுஸ்தா', அதாவது பேரரசி, ஆனார். மேற்கில் 425 முதல் ஆட்சியை நடத்தியது கல்லா பிளாசிடியா.

ஏட்டுச்சுரை: ஒருவர் தம்பியின் பெயரில், மற்றவர் ஆறு வயது மகனின் பெயரில். சிம்மாசனத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததே!

கல்வெட்டுப்பித்தன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குட்டி நாடு பிழைக்குமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. சான் மரினோ வெறும் 61 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் இத்தாலி, இன்றும் தனி நாடு.

ஏட்டுச்சுரை: எனக்கே சாட்சி சொல்கிறீர்கள். அங்கே பெண்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1964-இல். சுவிட்சர்லாந்தின் ஆப்பென்செல் இன்னர்ரோடன் இன்னும் மோசம். 1990-இல் நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகுதான் அந்த மாநிலத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை. மலைக்குள் ஒதுங்கினால் பழைய வழக்கம் இறுகத்தான் செய்யும்.

நடுநிசி வாசகி: நிம்மதியாக இருந்தால் இறுகும். இங்கே ஆண்கள் சண்டையில் சாகச் சாக, மகள்களும் சகோதரிகளும் வாளெடுக்கிறார்கள். யாரும் பெரிய மனது பண்ணி உரிமை தரவில்லை, ஆள் பற்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு உறுத்தியது வேறு. நியூயார்க்கில் விளம்பர வேலை பார்த்த கதாநாயகி கேரன் பிறகு ரோமா நோவாவின் காவல்படையில் அசத்துகிறாள். உடம்பு அவ்வளவு சீக்கிரம் வணங்குமா?

ஏட்டுச்சுரை: படிக்கிற வேகத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் உங்கள் போர் வாதம் ஒரு தலைமுறைக்குத்தான் செல்லும். இரண்டாம் உலகப் போரில் ஆலைக்குப் போன அமெரிக்கப் பெண்கள் பலரை 1945-க்குப் பின் வீட்டுக்கு அனுப்பினார்களே, ரோமா நோவாவில் ஏன் அனுப்பவில்லை?

நடுநிசி வாசகி: அங்கே குடும்பமும் சொத்தும் தாய்வழியில் இறங்குகின்றன. வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், வீடே அவள் பேரில் இருக்கிறது.

ஏட்டுச்சுரை: ம்ம். இரண்டாம் பாகம் முடித்துவிட்டு வருகிறேன்.