சூப்பர்சார்ஜருக்குத் தமிழில் என்ன? (திங்களுக்குள் வேண்டும்)

சென்னை, வெள்ளி இரவு:
மடற்குழு நண்பர்களே, ஒரு மாத இதழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1960களில் தெற்குக் கலிபோர்னியாவில் ஜான் பீட்டர்ஸ், நை ஃபிராங்க் குழு ஓட்டிய ‘ஃப்ரைட் டிரெயின்’ என்ற பந்தய வண்டியைப் பற்றிய கட்டுரை. இரட்டை என்ஜின், சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அனுப்பும் கருவி), கேஸ் டிராக்ஸ்டர் (நேர்ச்சாலைப் பந்தய வண்டி). ‘எரிவாயு இழுவை வண்டி’ என்று எழுதியிருக்கிறேன். சூப்பர்சார்ஜரில் மாட்டிக்கொண்டேன்.

கோவை:
தம்பி, முதலில் அந்த எரிவாயுவை எடுங்கள். அமெரிக்காவில் கேஸ் என்றால் பெட்ரோல். 1957இல் அங்குள்ள தேசிய ஹாட் ராட் சங்கம் நைட்ரோமீத்தேன் என்ற பந்தய எரிபொருளைத் தடைசெய்ததில்தான் பெட்ரோல் வண்டிகளுக்கு மவுசு கூடியது. இழுவையும் வேண்டாம், காற்று பின்னுக்கு இழுப்பதற்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. நேர்ச்சாலையில் 1,320 அடி ஓடி முடிகிற பந்தயம் என்பதால் ‘கால்மைல் வண்டி’ எனலாம்.

புதுச்சேரி:
சூப்பருக்கு ‘மீ’. மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்), மீயொலி (சூப்பர்சானிக்) வரிசையில் ‘மீயூட்டி’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கோவை:
மலைரயில் ஏறி ஊட்டிக்குப் போகிற மாதிரி இருக்கிறதம்மா.

தஞ்சாவூர்:
‘துருத்தி’ இருக்க மீயூட்டி எதற்கு? ஏழூருக்குப் பொதுவாக ஓரூரில் வைத்த மிதிதோல், அதாவது மிதித்து ஊதும் தோல் துருத்தி, குறுந்தொகையிலேயே வருகிறது. உலைத்துருத்திக்குக் குருகு என்றும் பெயர் உண்டு. சூப்பர்சார்ஜரின் பூர்வீகமும் உலைக்களம்தான். இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதி பிறகு உலைக்குத்தான் ஊதியது. டிராக்ஸ்டர்காரர்கள் மாட்டியதும் அதே வகைதான். தவிர, என்ஜினுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதைப் படத்தில் பாருங்கள்! பெயரும் வினையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

புதுச்சேரி:
ஐயா, துருத்தி என்றால் ஆற்றிடைக்குறையும்தானே? திருப்பூந்துருத்தி?

தஞ்சாவூர்:
ஆமாம். நீருக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் மேடு. மூன்றும் ஒரே வேர் என்பது என் கட்சி. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

(எழுதினார். ஆறு மடல்கள். அவற்றில் என்ஜின் எங்கும் இல்லை.)

கோவை:
ஐயா மன்னிக்கவேண்டும். துருத்தி விட்டு விட்டு ஊதும். இது அப்படியல்ல. என்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் வருகிறது, உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றி, விடாமல் காற்றைத் தள்ளுகின்றன. அவர்கள் பெரும்பாலும் பூட்டியது ஜிஎம்சி 6-71 ப்ளோவர், அதாவது ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் உள்ள டீசல் என்ஜினிலிருந்து கழற்றியது. அந்த டூ ஸ்ட்ரோக் டீசலுக்குத் தானாக மூச்சுவிடத் தெரியாது, ப்ளோவர் ஊதினால்தான் உயிர். தானாக மூச்சுவிடும் பெட்ரோல் என்ஜினில் அதைப் பூட்டினால் கூடுதல் காற்று திணிபடுகிறது. அதனால் ‘காற்றுத்திணிப்பி’. என் மாணவர்கள் ஒரு தடவை கேட்டதும் புரிந்துகொண்டார்கள்.

தஞ்சாவூர்:
திணிப்பி! இந்தித் திணிப்புதான் நினைவுக்கு வருகிறது.

சென்னை:
ஐயா, அம்மா, நாளை ஞாயிறு. பட்டறையில் என்ன சொல்கிறார்கள்?

கோவை:
‘ப்ளோவர்’. வேறென்ன சொல்வார்கள்?

புதுச்சேரி:
அப்படியென்றால் கார்ப்பரேட்டர், பிஸ்டன் எல்லாம் அப்படியே இருக்கட்டும், இந்தக் குழுவைக் கலைத்துவிடலாம்.

சென்னை:
கட்டுரையில் ஒரு சுவையான செய்தி. அந்த வண்டியை ஓட்டிய பாப் முராவெஸை, பந்தயம் ஓட்டினால் குடும்பத்தைவிட்டே ஒதுக்கிவிடுவோம் என்றார்களாம். ஃபிளாய்ட் லிப்பென்காட் ஜூனியர் என்ற பெயரில் ஓட்டியிருக்கிறார்! ஓட்டுநரே புனைபெயரில் போகும்போது ப்ளோவர் போகக்கூடாதா?

ஞாயிறு இரவு நிலவரம்: காற்றுத்திணிப்பி நான்கு, மீயூட்டி இரண்டு, துருத்தி ஒன்று. கால்மைல் வண்டிக்கு மறுப்பு இல்லை. முதல் இடத்தில் ‘காற்றுத்திணிப்பி எனப்படும் சூப்பர்சார்ஜர்’ என்றும், அப்புறம் வெறும் திணிப்பி என்றும் போட்டு அனுப்பிவிட்டேன்.

தஞ்சாவூர், திங்கள் காலை:
அனுப்பியது அனுப்பியதுதான். படத்துக்கு அடியில் மட்டுமாவது துருத்தி என்று போட முடியுமா, தம்பி?