பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பில் துப்பாக்கி, நாங்கள் என்ன செய்வது? (அவசரம்)

புதுக்குடி:
வணக்கம். போன மாசம்தான் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தோம். பையன் இரண்டாம் வகுப்பு. நேற்று மத்தியானம் பள்ளியிலிருந்து மெசேஜ்: பள்ளி ‘செக்யூர்’ நிலையில் இருக்கிறது, பெற்றோர் யாரும் வர வேண்டாம் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள், எதற்கு என்று சொல்லவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார், இடுப்பு உறையில் துப்பாக்கி! அவர் பேரனோடுதான் என் பையன் தினமும் விளையாடுகிறான், அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே. என் வீட்டுக்காரரோ நாமும் ஒன்று வாங்கி வைப்போம் என்கிறார். சனிக்கிழமை ஆபீஸ் நண்பரோடு கடைக்குப் போகிறாராம். இந்தச் சனியனை மொத்தமாகத் தடை செய்தால் என்ன? ஊருக்கே திரும்பிவிடலாமா?

ஜெர்சி அண்ணாச்சி:
பயப்படாதம்மா. நான் நியூவர்க்கில் இறங்கியது ஜனவரி மாதம், கையில் ஒரு நல்ல ஸ்வெட்டர் கிடையாது. பேஸ்மென்டில் நாலு பேர், ஹீட்டர் ஓடாது, சாப்பாடு என்றால் தயிரும் பிரெட்டும். அதைவிடவா உனக்குக் கஷ்டம்? துப்பாக்கியை இத்தனை வருஷத்தில் போலீஸ்காரர் இடுப்பில் தவிர நான் பார்த்ததே இல்லை. டிவிக்காரன் கிளப்பிவிடுகிறான். கார் லைசன்ஸ் எடுத்தாச்சா? முதலில் அதை முடி.

வெயிலூரான்:
அண்ணாச்சி, நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்கவே போலீஸ் பர்மிட் வேண்டும், எப்படிக் கண்ணில் படும்? எங்கள் ஹூஸ்டனுக்கு வாங்க. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து பர்மிட் இல்லாமலே, சட்டத்தடை எதுவும் இல்லாத வயது வந்தவர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகலாம். ஒரே நாடு, ஆனால் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் வேறு. சிஸ்டர், நீங்கள் எந்த ஸ்டேட் என்றே சொல்லவில்லையே?

மெல்போர்ன் மச்சான்:
தடை ஒன்றுதான் வழி. எங்கள் ஆஸ்திரேலியாவில், 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஒருத்தன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரிதான், ஆனாலும் இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களையும் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசே காசு கொடுத்து வாங்கி அழித்தது. மனசு இருந்தால் முடியும். அமெரிக்காக்காரனுக்கு மனசு இல்லை.

வெயிலூரான்:
மச்சான், பாதிதான் சொல்கிறீர்கள். உங்கள் ஊரில் தடையானது அடுத்தடுத்து வேகமாகச் சுடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், பம்ப் ஷாட்கன் மாதிரியான வகைகள்தான். பண்ணைக்காரன் இன்றைக்கும் லைசன்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிறான். என்ன காரணத்துக்கு வேண்டும் என்று அவன் சொல்ல வேண்டும், தற்காப்புக்கு என்றால் கிடைக்காது. அதாவது உங்கள் வெற்றியில் முக்கால்வாசி முறைப்படுத்தல், கால்வாசிதான் தடை.
இங்கே கைத்துப்பாக்கியை அடியோடு தடை செய்ய வாஷிங்டன் டிசி சட்டமே போட்டது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஜனங்கள் கையில் இருப்பதோ, ஒரு 2017 கணக்குப்படி, சுமார் 39 கோடி. அரசே ஆசைப்பட்டாலும் எந்த அலமாரியிலிருந்து எடுப்பார்கள்?

ஸ்கார்பரோ சிவா:
தங்கச்சி, நாங்கள் யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தத்தோடு வளர்ந்த ஆக்கள், உங்கட பயம் விளங்குது. கனடாவில் 2022 ஒக்டோபரில் கைத்துவக்கு வாங்குறது, விக்கிறதை நிப்பாட்டினாங்கள். ஆனால் டொரொண்டோவில் பிடிபடுற கைத்துவக்கில் பெரும்பங்கு எல்லை தாண்டி அமெரிக்காவில் இருந்துதான் வருது. பக்கத்து வளவுக்காரன் கதவைத் திறந்து வச்சிருக்க நான் மட்டும் பூட்டி என்ன பலன்? தடையும் வேணும், லைசன்ஸும் வேணும், அவங்களும் செய்யவேணும்.

ஜெர்சி அண்ணாச்சி:
எங்கள் தாத்தாவிடம் இரட்டைக்குழல் இருந்தது, காட்டுப்பன்றிக்காக. தேர்தல் அறிவித்தால் போதும், ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கப் போனால் ஏட்டு காபி செலவு கேட்பார். அலுத்துப்போய் ஒருநாள் லைசன்ஸையே சரண்டர் செய்துவிட்டார். இதைவிட நல்ல முறைப்படுத்தல் உண்டா?

மெல்போர்ன் மச்சான்:
அதற்குப் பெயர் முறைப்படுத்தல் இல்லை, லஞ்சம்.

டல்லாஸ் தாரிணி:
இங்கே ஏதாவது நடந்தால் மதுரையிலிருந்து அம்மா உடனே போன். நடந்தது சிகாகோவில் என்றாலும் நான் ஏன் வெளியே போனேன் என்பாள். அதோடு டேகேர் பீஸ், கிரீன் கார்டு கியூ... நம் பிள்ளை காலேஜ் முடித்தாலும் நமக்கு நம்பர் வராது. இதில் துப்பாக்கி வேறு. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான், இங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஹண்டிங் லைசன்ஸ் எடுத்தால் நாமும் வாங்கலாமாம்.

இரவுப்பணி நர்ஸ்:
ஐயோ, கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் எந்த விசா என்று ஒருவராவது கேட்டீர்களா? சிஸ்டர், நீங்கள் எச்1பி, எச்4, எல்1, எஃப்1 மாதிரித் தற்காலிக விசா என்றால் உங்கள் கணவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. வாங்குவது மட்டுமில்லை, கையில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், தோட்டாவுக்கும் அதே சட்டம். சுடும் ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அடக்கம். அதிகபட்சம் 15 வருஷம் சிறை, நாடுகடத்தலும் உண்டு. ஹண்டிங் லைசன்ஸ் விலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம்.

‘செக்யூர்’ என்றால் ஆபத்து பள்ளிக்கு வெளியே என்று அர்த்தம். வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வகுப்பு வழக்கம்போல நடக்கும். அக்கம்பக்கத்தில் போலீஸ் யாரையாவது தேடினாலே அறிவிப்பார்கள். ‘லாக்டவுன்’ என்று வந்தால்தான் விளக்கணைத்து ஒளிய வைப்பார்கள். எதுவானாலும் பள்ளிக்கு ஓடாதீர்கள், மெசேஜில் எங்கே வரச் சொல்கிறார்களோ அங்கே போங்கள்.

பெரியவர் இடுப்பில் இருப்பதைவிட வீட்டுக்குள் மேசை டிராயரில் இருப்பதுதான் உங்கள் பிரச்சினை. நேராகப் போய்க் கேளுங்கள்: “எங்கள் பையன் ரொம்பத் துருதுரு, எதையும் திறந்து பார்ப்பான். துப்பாக்கியைப் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?” நட்ஸ் அலர்ஜி பற்றிச் சொல்லும் அதே குரலில் கேளுங்கள். குழந்தை டாக்டரே இதைக் கேட்கச் சொல்வார். பதில் இழுபறியாக இருந்தால், விளையாட்டு இனி உங்கள் வீட்டில். பையனுக்கும் பழக்குங்கள்: துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவர்கள் யாரிடமாவது சொல்.

புதுக்குடி:
ரொம்ப நன்றி அக்கா. ஸ்டேட் டெக்சஸ், அவர் எச்1பி, நானும் பையனும் எச்4. பதட்டத்தில் எழுத மறந்துவிட்டேன். உங்கள் பதிலை அவரிடம் காட்டினேன். கடைக்குப் போகவில்லை, ஆனால் நண்பர் தன்னுடையதைக் கொஞ்ச நாள் இரவல் தருவதாகச் சொல்கிறாராம். அது பரவாயில்லையா?

இரவுப்பணி நர்ஸ்:
கூடவே கூடாது. தெரிந்தே கொடுத்தால் அந்த நண்பரும் மாட்டுவார். பயமாக இருந்தால் கதவுக்கு நல்ல டெட்போல்ட் பூட்டு போடுங்கள், வாசலில் ஒரு கேமரா. பெரியவரிடம் கேட்டாச்சா?

புதுக்குடி:
இன்னும் இல்லை. நாளைக்குக் கேசரி எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிறேன்.

ஜெர்சி அண்ணாச்சி:
முந்திரி போடாதேம்மா, அந்தப் பேரனுக்கு நிஜமாகவே நட்ஸ் அலர்ஜி இருக்கப்போகிறது.