சாத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு: அளவுகோல் இலக்கணமா, உரையா?

அன்வயன்:

கீதைக்கும் உபநிடதங்களுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் குவிந்து கிடக்கின்றன. மூலத்தை அப்படியே தருவதாக அநேகமாக எல்லா முன்னுரைகளும் சொல்கின்றன. அதைச் சோதிக்கப் பெரும் புலமை தேவையில்லை. மூல எழுத்தைப் படிக்கவும், வேற்றுமை உருபை அடையாளம் காணவும், சந்தி பிரிக்கவும், அகராதி பார்க்கவும் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, மொழிபெயர்ப்பாளர் எந்தப் பாடத்தை, அதாவது மூலத்தின் எந்த வடிவத்தை, எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பது. கீதை 13ஆம் அத்தியாயம் சில பதிப்புகளில் 34 சுலோகம், சிலவற்றில் 35. 'ப்ரக்ருதிம் புருஷம் சைவ' என்று அர்ஜுனன் கேட்கும் சுலோகம் சங்கரர் கொண்ட பாடத்தில் கிடையாது. அது சேர்ந்தால் நூல் 701 ஆகும், அந்த அத்தியாயம் முழுக்க எண் ஒன்று தள்ளிப்போகும். எண்ணை மட்டும் நம்பி ஒப்பிடுகிறவர் இரு வேறு சுலோகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வார்.

மகாபாரதத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரியது. கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பு, பல சுவடிகளை ஒப்பிட்டு உருவாக்கிய செம்பதிப்புக்கு முந்தைய அச்சுப் பாடங்களை வைத்து. விவேக் தேவ்ராயின் 10 தொகுதிகள் பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பை வைத்து. துகிலுரியும்போது திரௌபதி கண்ணனைக் கூவி அழைக்கும் சுலோகங்கள் செம்பதிப்பில் மூலத்திலிருந்து நீங்கிக் குறிப்புகளுக்குப் போய்விட்டன. தேவ்ராய் வெட்டிவிட்டார் என்று சொல்வது அவர்மேல் சுமத்தும் வீண்பழி.

பாடம் உறுதியான பிறகு பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் 'ஏவ' (தான்), 'அபி' (உம்), 'து' (ஆனால்), 'வா' (அல்லது) ஆகிய இடைச்சொற்கள் ஆங்கிலத்தில் தெரிகின்றனவா, வேற்றுமை மாறியிருக்கிறதா, மூலத்தில் இல்லாத அடைமொழி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். தேறாத பெயர்ப்பு பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். உரைகளை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

உரைவழி:

அந்த வரிசையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்கும் 'மூலம்' உரை இல்லாமல் தனியாக எங்கும் நிற்பதில்லை.

பிரம்மசூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் திபோ ஒரே ஆள்தான். சங்கர பாஷ்யத்தோடு (சங்கரரின் உரை) 1890, 1896 என இரு தொகுதிகளாகவும், ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தோடு 1904இலும் மொழிபெயர்த்தார். இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தின் கடைசியில் 'உத்பத்த்யஸம்பவாத்' என்று தொடங்கும் நான்கு சூத்திரங்களைப் பாருங்கள். சங்கரருக்கு நான்குமே பாஞ்சராத்திரம் என்ற வைணவ ஆகம மரபின் மீதான மறுப்பு. ராமானுஜருக்கு முதல் இரண்டு எதிராளியின் வாதம். பின் இரண்டும் அதற்குப் பதில், பாஞ்சராத்திரத்தின் பிரமாணத்தை நிலைநாட்டுபவை. ஒரே சொற்கள், நேரெதிர் முடிவு. இடைச்சொல்லை எண்ணி இதில் எது உண்மையானது என்று எப்படித் தீர்ப்பு சொல்வீர்கள்?

கீதை 18.66உம் அப்படித்தான். 'ஸர்வதர்மாந் பரித்யஜ்ய' என்பதில் தர்மம் என்ற சொல் அதர்மத்தையும் உள்ளடக்கியது, சொல்லப்படுவது எல்லாக் கர்மங்களையும் விடுவது என்கிறார் சங்கரர். பலனையும் கர்த்தா நானே என்ற எண்ணத்தையும் விடுவது என்பது ராமானுஜரின் முதல் விளக்கம். பக்தியோகத்தைத் தொடங்கத் தடையான பாபங்களுக்குரிய பிராயச்சித்தங்களை விட்டுவிடு என்பது அவரே தரும் இரண்டாவது விளக்கம். அதற்குப் பிறகு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தம் முமுக்ஷுப்படி நூலில் விடுவதையே விதியாக, அதாவது கட்டளையாக, கொள்கிறார். வேதாந்த தேசிகன் வழியில் அது அதிகாரியின், அதாவது சரணடையத் தகுதி பெற்றவரின், இயலாமையை எடுத்துச் சொல்லும் அநுவாதம்: கட்டளை அல்ல, ஏற்கெனவே உள்ளதைத் திரும்பச் சொல்வது. 'எல்லாத் தர்மங்களையும் விட்டுவிடு' என்று ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் எழுதியவர் இலக்கணத் தேர்வில் தேறிவிடுவார். ஆனால் அந்தச் சுலோகத்தை வாசகர் கையில் அவர் கொடுத்ததாக ஆகுமா?

அன்வயன்:

சூத்திரம் எடுத்துக்காட்டாக உதவாது. இரண்டு மூன்று சொல்லில் வினையே இல்லாமல் நிற்பது, உரையை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. சுலோகமும் உபநிடத வாக்கியமும் எழுவாய் பயனிலையோடு வருபவை. அவற்றுக்கு இலக்கணமே முதல் சாட்சி.

ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தைப் பாருங்கள்: 'தேந த்யக்தேந புஞ்ஜீதா:'. சங்கரர் 'த்யக்தேந' என்பதற்கு 'த்யாகேந', அதாவது துறவால் என்றும், 'புஞ்ஜீதா:' என்பதற்கு 'பாலயேதா:', அதாவது காத்துக்கொள் என்றும் உரை சொல்கிறார். அந்த வினையோ ஆத்மநேபதம், சமஸ்கிருத வினை ஏற்கும் இருவகை விகுதிகளில் ஒன்று. பாணினி 1.3.66 'புஜோऽநவநே': காப்பது அல்லாத பொருளில்தான் இந்தத் தாது (வினையடி) ஆத்மநேபதம் ஏற்கும். வடிவத்தைப் பார்த்தால் 'துய்ப்பாயாக' என்பதே நேரான பொருள். சங்கரரைப் பின்பற்றிக் 'காத்துக்கொள்' என்று ஆங்கிலத்தில் எழுதியவர் உரையைப் பெயர்த்திருக்கிறார், மந்திரத்தைப் பெயர்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் பிழை உண்டு. 'துறந்து அனுபவி' என்று பரவலாக எழுதப்படுகிறது. அதற்கு 'த்யக்த்வா' என்ற வினையெச்சம் வேண்டும். இருப்பது மூன்றாம் வேற்றுமை: விடப்பட்ட அதனால். இரண்டு பெயர்ப்புகளையும் ஒரே சோதனை பிடித்துக் கொடுக்கிறது. அதற்காகத்தான் இலக்கணம் முதலில் என்கிறேன்.

உரைவழி:

பாணினியைக் கொண்டுவந்தால் முழுவதையும் கொண்டுவாருங்கள். 3.1.85 'வ்யத்யயோ பஹுலம்' வேதமொழியில் விகுதி, பதம் (ஆத்மநேபதம் போன்ற வகை) முதலியவை மாறி வருவதைப் பரவலாக ஒப்புக்கொள்கிறது. ஈசாவாஸ்யம் சுக்ல யஜுர்வேத சம்ஹிதையின் 40ஆம் அத்தியாயம். அங்கே 1.3.66 ஒன்றைக் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது.

சங்கரர் வேற்றுமையைக் கவனிக்காமலும் இல்லை. 'த்யக்த' என்பதை விடப்பட்ட பொருள் என்று கொண்டால் என்ன கெடும் என்று அங்கேயே சொல்கிறார்: கைவிடப்பட்ட அல்லது இறந்துபோன மகனோ பணியாளனோ ஒருவனைக் காக்க மாட்டான், தொடர்பே அறுந்துவிட்டது, ஆகவே துறவால் என்பதே பொருள். காரணம் காட்டி மறுக்கப்பட்ட பொருளை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அந்த மறுப்பு இருப்பதையாவது அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். சொல்லாமல் 'நேரான பொருள்' என்று போடுவது வாசகரிடமிருந்து ஒன்றை மறைப்பதுதான்.

மறைவாசகி:

நீங்கள் இருவரும் பேசுவது மொழிபெயர்ப்பாளர் நேர்மையாக உழைத்தும் பொருள் இரண்டாகப் பிரியும் இடங்களை. வாசகர் உண்மையில் ஏமாறும் இடம் வேறு. மூலம் சொல்வதை எழுத மொழிபெயர்ப்பாளர் கூசும் இடம் அது. சோதனைக்குப் பன்னிரண்டு இடம் எடுத்தால் பாதியாவது அங்கிருந்து வர வேண்டும்.

பிருகதாரண்யக உபநிடதம் 6.4.18. எல்லா வேதமும் ஓதும் புகழ்பெற்ற மகன் வேண்டும் என்பவர் 'மாம்ஸௌதநம்' (இறைச்சிச் சோறு) சமைத்து நெய்யோடு உண்ண வேண்டும், 'ஔக்ஷேண வார்ஷபேண வா' என்கிறது மூலம். சங்கரர் சுற்றி வளைக்கவில்லை: உக்ஷா என்றால் இளங்காளை, ரிஷபம் என்றால் அதைவிட வயது கூடியது, அவற்றின் மாமிசம். இன்றைக்குச் சிலர் இரண்டையும் மூலிகைப் பெயர் ஆக்குகிறார்கள். 'மாஷௌதநம்' என்று திருத்தி உளுந்துச் சோறு ஆக்குவோரும் உண்டு. மூலிகைப் பொருளுக்கு அகராதியில் ஓரளவு இடம் இருக்கலாம், ஆனால் மாம்ஸம் என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறதே. திருத்தியவர் திருத்தியதைச் சொல்கிறாரா என்பதே என் கேள்வி.

கிரிஃபித்தும் இதே வகைதான். 1889இல் தொடங்கிய அவருடைய ரிக்வேதப் பெயர்ப்பில் ஆபாசம் என்று அவர் கருதிய சில மந்திரங்களை ஆங்கிலத்தில் தராமல் பின்னிணைப்பில் லத்தீனில் போட்டார். ஒளித்ததை வெளிப்படையாகவாவது செய்தார். மென்மையாக்கி அதே பக்கத்தில் வைப்பவரைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம்.

அன்வயன்:

அந்த வகைக்கு கீதை 9.32ஐ முதலில் வைப்பேன். 'யேऽபி ஸ்யு: பாபயோநய: ஸ்த்ரியோ வைச்யாஸ்ததா சூத்ராஸ்தேऽபி யாந்தி பராம் கதிம்'. 'பாபயோநய:' என்பது பஹுவ்ரீஹி, அதாவது அன்மொழித்தொகை. பாபமான பிறப்பை உடையவர்கள். அடுத்து வரும் மூவரும் அதன் விளக்கமா, தனிப் பட்டியலா என்பதில் இரண்டு 'அபி'க்களும் பேச வேண்டும்: 'யே அபி' என்று தொடங்கி 'தே அபி' என்று முடிகிறது. தனிப்பட்டியலாகப் பிரிக்க இலக்கணம் அடியோடு தடை சொல்லவில்லை. 'பாப' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'எளிய பிறப்பினர்' என்று எழுதுவதைத் தடுக்கிறது.

உரைவழி:

இங்கே உங்கள் அளவுகோல் இரண்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, உரைதான் ஒன்றை மூடுகிறது. 'பாபயோநய:' யார் என்று சங்கரரே கேள்வி எழுப்பி, 'பெண்கள், வைசியர், சூத்திரர்' என்று பதில் சொல்கிறார். சங்கரரைப் பின்பற்றுவதாக முன்னுரையில் எழுதிவிட்டு இந்தச் சுலோகத்தில் மட்டும் பிரித்துப் படிக்கும் பெயர்ப்பு தன் வாக்கையே மீறுகிறது. உரை என்றால் பக்திப் பூச்சு என்ற எண்ணம் இங்கே நிற்காது. மழுப்பாமல் எழுதியவர் உரையாசிரியர், மழுப்பியது பிற்காலத்தவர்.

ஆகையால் என் சோதனை இப்படி. முன்னுரையில் எந்த உரையைச் சொல்லியிருக்கிறதோ அந்த உரையைத் திறந்து வையுங்கள். மொழிபெயர்ப்பு எங்கே அதைவிட்டு விலகுகிறது என்று குறியுங்கள். விலகிய இடங்களெல்லாம் ஒரே திசையில் போனால், இன்றைய வாசகருக்குக் கசப்பானவை மட்டும் மாறியிருந்தால், அந்த நூலை நம்பாதீர்கள். அல்லாடி மகாதேவ சாஸ்திரி 1897இல் சங்கர பாஷ்யத்தோடு தந்த கீதையைச் சோதிப்பது எளிது, சுலோகத்தின் கீழேயே பாஷ்யமும் வருகிறது.

மறைவாசகி:

எந்த உரையையும் சொல்லாத பெயர்ப்புகளை என்ன செய்வீர்கள்? ஃபான் பாய்டெனென் மகாபாரதத்தில் க்ஷத்திரியனை ஐரோப்பியப் பிரபுப் பட்டத்தாலும் சூத்திரனைப் பண்ணையடிமைக்குரிய சொல்லாலும் பெயர்த்தார். உரையும் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் வர்ணம் என்ற அமைப்பே வேறொரு கண்டத்தின் நில உறவாக மாறிவிடுகிறது. உங்கள் இருவர் சோதனையிலும் இது தேறிவிடும், அதுதான் எனக்குக் கவலை.

அன்வயன்:

என் சோதனையில் அடைமொழி நுழைவதைப் பார்க்கச் சொன்னேன். பெயர்ச்சொல்லுக்கும் அதையே நீட்டலாம். இப்படிப்பட்ட சொற்கள் பத்தைப் பட்டியலிடுங்கள்: தர்மம், கர்மம், யோகம், ஆத்மா, பிரகிருதி, குணம், தேவன், வர்ணம், சிரத்தை, அதிகாரம். ஒவ்வொன்றும் நூல் முழுக்க எத்தனை ஆங்கிலச் சொற்களாகச் சிதறுகிறது என்று குறியுங்கள். அதே ஃபான் பாய்டெனென் தர்மத்தை விடாமல் ஒரே சொல்லால் பெயர்த்தார். அந்தச் சொல் பிடிக்காதவர்கூட மூலத்தில் எங்கே 'தர்மம்' வருகிறது என்று ஆங்கிலத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். எட்டு விதமாகப் பெயர்த்தவர் ஒவ்வொரு இடத்திலும் அழகாக இருப்பார், ஆனால் நூலுக்குள் ஓடும் இழை அறுந்துபோகும்.

உரைவழி:

அந்தப் பட்டியலின் கடைசிச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். 'கர்மண்யேவாதிகாரஸ்தே', 2.47. அதிகாரம் என்பது வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சையில் ஒரு கர்மத்தைச் செய்யும் தகுதி. ஆங்கிலத்தில் அநேகமாக எல்லோரும் 'உரிமை' என்று எழுத, சுலோகம் கோரிக்கைப் பலகை ஆகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் 'ஏவ' இங்கே எதை விலக்குகிறது? 'கர்மத்தில்தான், ஞானநிஷ்டையில் அல்ல' என்கிறார் சங்கரர். அர்ஜுனன் இன்னும் அதற்குத் தகுதி பெறவில்லை என்பது பொருள். 'ஏவ' இடம்பெற்றிருக்கிறதா என்று எண்ணுகிறவருக்கு அது பெயர்ப்பில் இருக்கிறது என்று தெரியும், எதற்கு எதிராக என்று தெரியாது.

அன்வயன்:

எண்ணினால்தான் அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரியவரும். 'ஏவ'வை விழுங்கிய பெயர்ப்பைப் படித்தவர் சங்கரரிடம் போய்க் கேட்க எதுவுமே இருக்காது.

அதே சுலோகத்தில் இன்னொன்று. பிரபுபாதரின் கீதைப் பதிப்பில் பதவுரையும் தெளிவுரையும் ஒரே பக்கத்தில் உண்டு. 2.47இன் தெளிவுரையில் கடமைக்கு முன் 'விதிக்கப்பட்ட' என்ற அடைமொழி வருகிறது. மூலத்தில் இருப்பது வெறும் 'கர்மணி'. சம்பிரதாயப்படி அந்த அடைமொழிக்கு நியாயம் சொல்லலாம். ஆனால் சுலோகத்தின் சொல் எது, விளக்கத்தின் சொல் எது என்று பிரித்துக் காட்ட அடைப்புக்குறி ஒன்று போதும். பதவுரையோடு வரும் எந்தப் பதிப்பிலும் இந்த வேலையைச் செய்யலாம்: இடப்பக்கம் பதவுரைச் சொற்கள், வலப்பக்கம் தெளிவுரைச் சொற்கள், ஒன்றுக்கொன்று கோடு. கோடு விழாமல் வலப்பக்கம் மிஞ்சுவதை மட்டும் எடுத்து உரைவழி சொல்லும் பாஷ்யத்தில் தேடுங்கள்.

உரைவழி:

இடப்பக்கம் மிஞ்சுவதையும் தேட வேண்டும். கூட்டியது உடனே கண்ணில் படும். விட்டுப்போன 'அபி'யும் 'து'வும் அப்படிப் படாது. 9.32இல் நடப்பது அதுதான்.

மறைவாசகி:

அப்படியானால் 9.32, 2.47, 18.66, ஈசாவாஸ்யம் 1, பிருகதாரண்யகம் 6.4.18 என்று ஐந்து இடம் சேர்ந்தாயிற்று. ஆறாவதாகச் சாந்தோக்ய உபநிடதம் 6.8.7ஐச் சேர்க்கிறேன். 'ஸ ஆத்மா தத்த்வமஸி' என்பதன் வழக்கமான பொருள் 'அது நீ'. அதைத் துவைத ஆசாரியர் மத்வர் 'அதத் த்வம் அஸி' (அது அல்ல நீ) என்று பிரித்தார், சந்தியில் 'ஆத்மாதத்த்வமஸி' என்று ஒட்டும்போது இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான். 'தத்' நபும்சகம் (அஃறிணைப் பால்), 'த்வம்' (நீ) குறிப்பது உபதேசம் கேட்கும் ஸ்வேதகேதுவை. அது இங்கே எழுவாயாகாது, 'அவ்விதமாகவே' என்று வினையடையாகக் கொள்ள வேண்டும் என்று ப்ரேரட்டன் 1986இல் வாதிட்டார். ஒலிவெல் தன் உபநிடதப் பெயர்ப்பில் அதையே ஏற்றார். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தவர் மற்ற இரண்டைக் குறிப்பில் சொல்லியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மீதி ஆறு இடங்களுக்குப் போகலாம்.

உரைவழி:

அத்வைதத்தில் பாகத்யாக லக்ஷணை, அதாவது இரு சொற்களின் முரணான பகுதிகளை விட்டு ஒத்த பகுதியை மட்டும் கொள்வது, என்று நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதையும் குறிப்பில் தேடுங்கள். பிறகு மீதி ஆறில் இரண்டேனும் எந்தச் சிக்கலும் இல்லாத எளிய சுலோகமாக இருக்கட்டும். அங்கேயும் அடைமொழி நுழைந்திருந்தால் அது பொருள் தெளிவுக்காக வந்ததல்ல, அந்த மொழிபெயர்ப்பாளரின் பழக்கம்.