14 அங்குல கன்டெண்டர்: ரேஞ்சில் சரியாக விழுகிறது, புல்வெளியில் தலைக்கு மேல் போகிறது. உதவி தேவை

வடபுலத்தான்:
வணக்கம். போன வாரம் சவுத் டகோட்டாவின் மேற்குப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்கு ப்ரெய்ரி டாக் (பெயர்தான் நாய், வளையில் வாழும் அணில் இனப் பிராணி) சுடப் போயிருந்தேன். மேய்ச்சல் நிலம் முழுக்க வளை தோண்டி வைத்திருக்கின்றன. பண்ணைக்காரரே கூப்பிட்டதுதான், லைசென்ஸும் எடுத்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது தாம்சன் சென்டர் கன்டெண்டர் என்ற ஒற்றைத் தோட்டா பிஸ்டல், .223 ரெமிங்டன் தோட்டா, 14 அங்குல பேரல். ஸ்கோப் 12 மடங்கு வரை பெரிதாக்கும் பிஸ்டல் ஸ்கோப். 40 கிரெயின் எடைக் குண்டு. 200 கெஜத்துக்கு ஜீரோ செய்திருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருகி வைத்திருக்கிறேன். வீட்டருகே ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) மேசையில் மணல் பை வைத்துச் சுட்டால், 200 கெஜத்தில் ஐந்து குண்டும் இரண்டரை அங்குலத்துக்குள் விழும்.

பண்ணையில் பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டிப் படுத்துச் சுட்டேன். அதே 200 கெஜம், அதே பெட்டித் தோட்டா. பத்தில் ஏழு தவறியது. பக்கத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்த நண்பர், எல்லாம் தலைக்கு மேல்தான் போகிறது என்றார். காயப்படுத்தி விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பாதி நாளிலேயே நிறுத்திவிட்டேன். எங்கே தப்பு?

மேட்டுநிலம்:
நீங்கள் இருப்பது தாழ்வான இடமா? அங்கே உயரம் அதிகம், காற்று லேசாக இருக்கும், குண்டு குறைவாகத்தான் கீழே இறங்கும். அதுவாக இருக்கலாம்.

மணல்பை:
200 கெஜத்தில் அந்த வித்தியாசம் அரை அங்குலம்கூட வராது நண்பரே. ஒரு அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பிராணியின் தலையைத் தாண்டிப் போகிறதென்றால் காரணம் வேறு.

தம்பி, பைபாடை எங்கே மாட்டினீர்கள்? பேரலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையின் நுனியிலா?

வடபுலத்தான்:
ஆமாம் அண்ணா, நுனியில்தான். தரை காய்ந்து கல் மாதிரி இருந்தது.

மணல்பை:
அப்படியென்றால் முதல் சந்தேகம் அதுதான். கன்டெண்டரில் முன்கட்டை பேரலோடு நேராகத் திருகப்பட்டிருக்கிறது. கட்டை நுனியில் பாரம் கொடுத்தால் அது பேரலில் போய்ச் சேரும். அதோடு கெட்டியான தரையில் பைபாட் கால்கள் துள்ளும். தோளில் முட்டுக் கொடுக்க இதில் கட்டை கிடையாது, மொத்தத் துள்ளலையும் உங்கள் மணிக்கட்டுதான் வாங்குகிறது. குண்டு பேரலை விட்டு வெளியே போவதற்குள் முனை மேலே கிளம்பியிருக்கும்.

ரேஞ்சில் மணல் பை எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பேரல் மடங்கும் கீல் பக்கத்தில் இருந்திருக்கும். களத்திலும் அதே இடத்தில் வையுங்கள். ஒரு சின்ன பை, அதற்கு அடியில் முதுகுப்பை, போதும். முன்கட்டைத் திருகுகளையும் பாருங்கள். ஒன்று தளர்ந்து ஒன்று இறுகியிருந்தாலும் குறி மாறும்.

பழையபோல்ட்:
நான் எக்ஸ்பி-100 வைத்திருக்கிறேன். ரெமிங்டன் 1963-ல் .221 ஃபயர்பால் தோட்டாவோடு கொண்டுவந்த ஒற்றைத் தோட்டா போல்ட் பிஸ்டல். அதில் கட்டை முழுக்க ஒரே துண்டு, பைபாட் போட்டாலும் இந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை. 1967-ல் வந்த கன்டெண்டரோ நடுவில் மடங்கும் துப்பாக்கி, கட்டை தனித் துண்டு. ஆகவே எங்களைப் போன்றவர்கள் பைபாட் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, ஸ்கோப். ரைஃபிளில் கன்னத்தைக் கட்டையில் அழுத்துவதால் கண் ஒரே இடத்தில் நிற்கும். பிஸ்டலைக் கை நீட்டிப் பிடிக்கிறோம், கண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். துப்பாக்கியைப் பைமேல் அசையாமல் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறுக்குக் கோடு இலக்கை விட்டு நகர்ந்தால் அது பாரலாக்ஸ். உங்கள் ஸ்கோப்பில் முன் வளையத்தில் தூரத்தைத் திருகும் வசதி இருந்தால் 200-க்கு வையுங்கள். 12 மடங்கில் கண் நிற்க வேண்டிய இடம் ரொம்பச் சின்னது. 7-க்கோ 8-க்கோ இறக்கினால் படம் சட்டென்று கிடைக்கும்.

மேட்டுநிலம்:
தோள்கட்டை ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

மணல்பை:
வேண்டவே வேண்டாம். 16 அங்குலத்துக்குக் குறைவான பேரலோடு தோள்கட்டை சேர்ந்தால், அது கூட்டரசுச் சட்டப்படி குட்டை பேரல் ரைஃபிள். முன்அனுமதியும் பதிவும் இல்லாமல் செய்தால் பெரிய குற்றம்.

வடபுலத்தான்:
அண்ணா, ஞாயிறு ரேஞ்சுக்குப் போய் வந்தேன். முன்கட்டையின் முன்திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். 200 கெஜத்தில் காகிதம் வைத்து, சிமெண்ட் தரையில் பைபாடோடு ஐந்து, கீல் பக்கம் பை வைத்து ஐந்து சுட்டேன். பையோடு சுட்டது நடுவில் விழுந்தது. பைபாடோடு சுட்டது ஐந்து அங்குலம் மேலே. தலை ஆட்டிப் பார்த்ததில் கோடும் இரண்டு அங்குலம்வரை நகர்ந்தது, வளையத்தைத் திருகிச் சரிசெய்தேன். நீங்கள் இருவரும் சொன்னது அப்படியே இருந்தது. மிக்க நன்றி.

அடுத்த சனிக்கிழமை திரும்பப் போகிறேன். 300 கெஜம் முயன்று பார்க்கலாமா?

மணல்பை:
இப்போது வேண்டாம் தம்பி. 10 மைல் வேகக் குறுக்குக் காற்று 200 கெஜத்திலேயே உங்கள் குண்டை ஆறேழு அங்குலம் தள்ளும். அந்தப் பிராணியின் உடல் அகலமே மூன்று நான்கு அங்குலம்தான். விடிந்ததும், காற்று எழுவதற்கு முன், 150-ல் தொடங்குங்கள். குண்டு விழும் இடத்தில் எழும் புழுதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று நண்பரைச் சொல்லச் சொல்லுங்கள். பேரல் சூடேறினால் ஸ்கோப்பில் கானல் தெரியும், அப்போது சுடாமல் ஆற விடுங்கள்.

பழையபோல்ட்:
பண்ணையை விட்டு பஃபலோ கேப் தேசியப் புல்வெளிப் பக்கம் போனால் கொனாட்டா பேசினில் சுடக்கூடாது. கருங்கால் ஃபெரட் என்ற கீரி போன்ற அரிய பிராணிகளுக்காக மூடி வைத்திருக்கிறார்கள், ப்ரெய்ரி டாக்தான் அவற்றுக்கு உணவு. செத்ததை வெறும் கையால் தொடாதீர்கள், அதன் தெள்ளுப்பூச்சிகளில் பிளேக் இருக்கலாம். கழுகுகள் வந்து தின்னும் என்பதால் நான் ஈயம் இல்லாத குண்டுக்கு மாறிவிட்டேன். முடிந்தால் நீங்களும் மாறுங்கள், ஆனால் மாறியபின் ஜீரோவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அதே வளைகளில் குடியிருக்கும் சின்ன ஆந்தை ஒன்று உண்டு. மேட்டின் மேல் அதே மாதிரி நிமிர்ந்து நிற்கும். சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை. 200 கெஜத்தில் 7 மடங்கில் பார்த்தால் நிழலுருவம் ஏமாற்றிவிடும். நண்பர் பைனாகுலரில் பார்த்து "டாக்தான்" என்று சொன்ன பிறகே விசையில் விரல் வையுங்கள்.

வடபுலத்தான்:
சரி அண்ணா. அந்த ஆந்தையைப் போன முறையே பார்த்தேன் என்று நினைக்கிறேன், என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டேன். இந்த முறை நண்பரிடம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.